நிலவறைக் கடல்

என் அக்காள் மகன் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் இருக்கிறான். எந்தக் கடலுக்கும் அங்கிருந்து காரில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். ஒரு குளிர்காலத்தில் இரண்டு மாதம் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது, சாப்பாட்டு மேஜைமேல் ஒரு வரைபடத்தை விரித்து, "மாமா, இதைக் கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்க. பம்பும் குழாயும் உங்க விஷயம்" என்றான். வாஸ்தவம்தான். அவற்றைக் கணக்குப் பார்த்தே ஓய்வு பெற்றவன் நான்.

வரைபடத்தில் கூடத்துச் சுவரையொட்டி ஒரு கண்ணாடித் தொட்டி. எட்டடி நீளம், மூன்றடி அகலம், இரண்டடி உயரம். அதில் உயிருள்ள பவளங்களும் மீன்களும். தொட்டியின் விளிம்பில் வழியும் நீர் ஒரு குழாய் வழியே தரையைத் துளைத்து நிலவறைக்கு இறங்குகிறது. அங்கே 700 லிட்டர் பிடிக்கும் இன்னொரு தொட்டி. அதற்குப் பெயர் சம்ப். நம் நகரத்து வீடுகளில் வாசலுக்கடியில் கார்ப்பரேஷன் தண்ணீர் பிடித்து வைக்கிறோமே, அதே வார்த்தை. அழுக்கைப் பிரிக்கும் நுரைக் குழல், சூடேற்றும் கம்பி, ஆவியாகிக் குறையும் நீரை ஈடுசெய்ய நன்னீர்ப் பீப்பாய் எல்லாம் கீழேதான். ஒரு பம்பு நீரைப் பத்தடி உயரத்துக்குத் திரும்ப ஏற்றுகிறது.

கணக்குப் போட்டேன். மேல் தொட்டி 48 கன அடி, அதாவது சுமார் 1,360 லிட்டர். நீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்ந்து இரண்டு டன்னை நெருங்கும். அதைத் தாங்க வேண்டியது மரச்சட்டங்கள்மேல் நிற்கும் தரை. இரண்டு தொட்டிகளுக்குமாக 2,000 லிட்டர் கடல்நீர் செய்ய, லிட்டருக்கு 35 கிராம் வீதம், 70 கிலோ உப்பு.

"இவ்வளவையும் ஏன் கீழே கொண்டுபோகிறாய்?" என்று கேட்டேன். சத்தம், சூடு, ஈரம் என்று காரணங்கள் சொன்னான். பிறகு, "பார்க்க வேண்டியது மட்டும் மேலே இருந்தாப் போதும் மாமா" என்றான்.

அவன் சாதாரணமாகச் சொன்ன அந்த வாக்கியம் என்னை விடவில்லை. கடலை வீட்டுக்குள் வைத்துக்கொள்ள மனிதன் எடுத்த முயற்சிகளின் சரித்திரத்தை அதற்குப் பின் நான் படித்தபோதெல்லாம், அந்த ஒரு வாக்கியத்தின் சரித்திரத்தைத்தான் படிப்பதாகத் தோன்றியது.

*

இந்தச் சரித்திரம் ஒரு பவளத்தில்தான் தொடங்குகிறது என்பது தற்செயலாக இருக்கலாம். 1846-இல் அன்னா தின் என்ற ஆங்கிலேயப் பெண்மணி டார்க்கி கடற்கரையில் கல்பவளங்களைக் கண்டார். வெப்பக்கடல் திட்டுகளைக் கட்டும் ஜாதியல்ல. குளிர்ந்த கடலில் தனித்தனியாக வாழும் கிண்ணப் பவளங்கள். அவற்றை ஊசிநூலால் ஒரு கடற்பஞ்சோடு தைத்து, ஜாடியில் போட்டு, லண்டனுக்கு எடுத்துப் போனார். கணவர் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தின் உயர் குருமார்களில் ஒருவர். வீடும் அங்கேயே.

நிற்கும் நீரில் உயிர்க்காற்று தீர்ந்துபோகும். தின் கண்ட வழி, கடல்நீரைத் திறந்த ஜன்னலருகே பாத்திரத்திலிருந்து பாத்திரத்துக்கு மாற்றி மாற்றி ஊற்றுவது. ஒவ்வொரு தடவையும் அரைமணியிலிருந்து முக்கால் மணி நேரம் ஊற்ற வேண்டியிருந்தது. ஊற்றியவர் தின் அல்ல, வீட்டுப் பணிப்பெண். அயர்ச்சி தரும் வேலைதான், ஆனால் அந்தச் சிறுபெண் அதை ஒரு வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டாள் என்ற கருத்தில் தின் பின்னால் எழுதினார். பவளங்கள் பிழைத்தன, பெருகவும் செய்தன. 1859-இல் அதுபற்றி அவர் கட்டுரை அச்சாயிற்று.

கடல்பவளத்தை வீட்டில் வாழவைத்த முதல் பம்பு ஒரு பணிப்பெண்ணின் இரண்டு கைகள். அந்தக் கைகளுக்குச் சலிப்பு இருந்ததா, அது வேடிக்கையாகத்தான் இருந்ததா என்பதை எஜமானியின் வாயால் மட்டுமே நாம் கேட்கிறோம். என் மருமகனின் வரைபடத்தில் நிலவறையில் ஓடும் மோட்டாரின் மூதாதை அவள்தான் என்பதை நான் மறக்காமலிருக்க விரும்புகிறேன்.

*

அடுத்து வந்தது ஒரு கருத்து. செடி விடும் காற்றை விலங்கு சுவாசிக்கிறது, விலங்கின் கழிவைச் செடி உண்கிறது. இரண்டையும் சரியான விகிதத்தில் கண்ணாடிக்குள் வைத்துவிட்டால் வெளியிலிருந்து எதுவுமே வேண்டாம். 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயனக்காரர் நன்னீர்த் தொட்டியில் இதைச் செய்து காட்டினார். 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலை மீன் மண்டபத்தைத் திறந்தது. 1854-இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய புத்தகம் 'அக்வேரியம்' என்ற சொல்லை வீட்டுக்கு வீடு கொண்டுபோயிற்று. கண்ணாடிமேல் இருந்த வரி 1845-இல் நீங்கியிருந்ததால் தொட்டி மத்தியதர வர்க்கத்தின் கைக்கெட்டும் பொருளாகிவிட்டிருந்தது.

தன்னிறைவு கொண்ட உலகம் என்ற இந்தக் கற்பனையில் ஒரு வசீகரம் இருக்கிறது. யாருக்கும் கடன்படாத கடல். ஆனால் பெரும்பாலான வீடுகளில் அது சில வாரங்களில் நாறிப்போயிற்று. செத்தவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றைத் தேடிக் கூடையும் உளியுமாகக் கூட்டம் கூட்டமாகக் கடற்கரைக்குப் போனார்கள். டெவன் பகுதியின் பாறைச் சுனைகள் எப்படிச் சூறையாடப்பட்டன என்பதையும், அதற்குத் தன் எழுத்தே வழிகாட்டியாயிற்று என்ற துயரம் தன் தந்தைக்கு இருந்ததையும், காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் வந்த சுயசரிதையில் பதிவு செய்கிறார். தன்னிறைவு என்று கூடத்தில் வைத்திருந்ததற்குக் கடற்கரை முழுவதும் சேமக்கிடங்காக வேலை செய்திருக்கிறது.

*

இந்தக் கற்பனையை உடைத்தவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். லண்டனில் தொட்டிகளும் கடலுயிர்களும் விற்றுக்கொண்டிருந்தவர். பின்னர் ஹாம்பர்க் அக்வேரியத்தை நடத்தினார். 1871-இல் சிடன்ஹாமில் கிரிஸ்டல் பேலஸ் அக்வேரியம் அவர் திட்டப்படி திறக்கப்பட்டது. பாசியையும் மீனையும் சரியாக எண்ணிப்போட்டால் சமநிலை வந்துவிடாது என்பது அவர் அனுபவம். நீர் ஓயாமல் ஓட வேண்டும். காட்சித் தொட்டிகளில் இருப்பதைவிடப் பல மடங்கு நீர் அவற்றுக்குக் கீழே, வெளிச்சம் படாத தேக்கத்தில் இருக்க வேண்டும். இருட்டில் பாசி பிடிக்காது. பூமிக்கடியில் வெப்பம் அதிகம் மாறாது. மேலே ஒரு தொட்டியில் நேரும் கேடு அந்தப் பெரிய நீரில் கரைந்து வலுவிழந்துவிடும். நீராவி எந்திரம் இரவும் பகலும் அதை மேலே ஏற்றிக்கொண்டிருந்தது.

பொதுமக்கள் கட்டணம் கொடுத்துப் பார்த்தது சிறு பகுதி. பெரும்பகுதி அவர்கள் காலடியில், இருட்டில். லாயிட் அதை மறைத்து வைக்கவில்லை, எழுதவும் பேசவும் செய்தார். 1874-இல் நேப்பிள்ஸில் ஆன்டன் டோர்ன் தன் ஆராய்ச்சி நிலையத்தின் அக்வேரியத்தைத் திறந்ததிலும் அவர் ஆலோசனை இருந்தது. ஒஹாயோ நிலவறையின் சம்ப் இந்தத் தேக்கத்தின் குறுகிய வடிவம்தான். ஒரே ஒரு வித்தியாசம்: லாயிடிடம் கீழே இருந்தது அதிகம், மேலே இருந்தது கொஞ்சம். நாம் அந்த விகிதத்தைத் தலைகீழாக்கிவிட்டோம்.

*

வெப்பக்கடலின் திட்டுப் பவளம் வீட்டுக்கு வர மேலும் தொண்ணூறு வருஷம் ஆயிற்று. அதன் திசுவுக்குள் ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை வெயிலில் சமைக்கும் உணவில்தான் அது பெரிதும் வாழ்கிறது. கடும் வெளிச்சம், தெளிந்த நீர், குறையாத சுண்ணாம்புச் சத்து என்று அதன் தேவைகள் எல்லாம் சேர்ந்தாற்போல் கிடைக்க வேண்டும்.

வழி காட்டியது ஐரோப்பா அல்ல. ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த பாறையை அதில் ஒட்டிய உயிர்களோடு அப்படியே தொட்டியில் வைத்து, காற்றுக் குமிழிகளை மட்டும் விட்டு, பவளம் வளர்த்தார். 1961-இல் ஓர் அமெரிக்கப் பத்திரிகையில் அதை எழுதினார். வடிகட்டும் வேலையைப் பாறையின் துளைகளில் வாழும் நுண்ணுயிர்களே செய்துவிடுகின்றன என்பது அதன் சாரம். கடலைப் பக்கத்தில் வைத்திருந்தவருக்கு அது எளிது. தொலைதேசத்தார் பாறையைப் பெட்டியில் வரவழைத்தபோது அது செத்து நாறியது.

1986-இல் ஜார்ஜ் ஸ்மிட் எழுதிய கட்டுரைத் தொடர் டச்சுக்காரர்களின் முறையை அமெரிக்காவுக்கு அறிமுகம் செய்தது. தொட்டிக்கடியில் ஒரு பெட்டி. அதில் பிளாஸ்டிக் உருண்டைகள்மேல் நீர் சொட்டிச் சொட்டி இறங்கும். அம்மோனியாவின் நஞ்சு போயிற்று, நைட்ரேட் மிஞ்சித் தேங்கிற்று. ஜெர்மனியில் பெர்லின் ஆர்வலர்கள் உருண்டைகளை விட்டுவிட்டு, உயிர்ப்பாறையையும் நுரையால் அழுக்கை இழுத்தெறியும் குழலையும் நம்பினார்கள். லீயின் பாறை, வேறு கைகள் வழியாகத் திரும்பி வந்தது. இன்று உலகமெங்கும் வீடுகளில் பின்பற்றப்படுவது பெரும்பாலும் இந்த வழியின் கிளைகள்தான்.

இந்தப் பாறைகளும் பவளங்களும் மீன்களும் எங்கிருந்து வந்தன? பெரும்பகுதி இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், ஃபிஜி கடல்களிலிருந்து. பிலிப்பைன்ஸில் 1960களிலிருந்தே அலங்கார மீனை மயக்கிப் பிடிக்கத் திட்டுகளின் மீது சயனைடு பீய்ச்சினார்கள். மூழ்கியவன் கூலிக்காரன். அவனும் அந்தப் பணிப்பெண்ணைப்போல, வரைபடத்தில் இடம்பெறாதவன். நிலவறைக்கும் கீழே இன்னொரு நிலவறை இருக்கிறது.

*

இந்த இடத்தில் கையை உயர்த்தி நியாயம் பேச எனக்கு ஆசைதான். ஆனால் நான் பிறந்தது மன்னார் வளைகுடாக் கரையில். எங்கள் வீட்டுச் சுவர் முருகைக்கல். அதைப் பூசிய சுண்ணாம்பும் முருகைக்கல்லைச் சுட்டு நீற்றியது. சின்ன வயதில் சுவரில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிந்த தடங்களை விரலால் தடவியிருக்கிறேன். அவை ஒவ்வொன்றும் ஓர் உயிர் உட்கார்ந்திருந்த குழி என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை.

சென்னைக் கடற்கரையில் 1909-இல் ஓர் அக்வேரியம் திறக்கப்பட்டது. மியூசியத்தின் கண்காணிப்பாளராயிருந்த எட்கர் தர்ஸ்டனின் யோசனை அது. இரண்டாவது உலகயுத்த காலத்தில் மூடப்பட்டது. அதே தர்ஸ்டன் ராமேஸ்வரம் பக்கத்துக் கடலுயிர்களைச் சேகரித்து எழுதியவரும்கூட. நகரத்தார் கண்ணாடிக்குப் பின்னால் மீனைப் பார்த்து அதிசயித்தார்கள். கடலோரத்தில் நாங்களோ சூளைக்கும் சுவருக்கும் திட்டை வெட்டிக் கரையேற்றிக்கொண்டிருந்தோம். தூத்துக்குடிப் பக்கம் பல பத்தாண்டுகள் நடந்த இந்த வெட்டில், அலையைத் தடுக்கத் திட்டில்லாமல் இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. 1986-இல் இருபத்தொரு தீவுகளும் தேசியப் பூங்காவாயின. 2001-இல் கல்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறின. இப்போது நம் கடலின் கல்பவளத்தை வீட்டில் வைத்திருந்தால் குற்றம். நியாயமான சட்டம். ஆனால் 2016-இல் கடல் சூடேறி மன்னார் வளைகுடாவின் பவளங்கள் வெளுத்தபோது எந்த அட்டவணையும் அவற்றைக் காக்கவில்லை. வெளுத்தல் என்பது உள்ளே குடியிருந்த பாசி வெளியேறிவிடுவது. அந்தச் சூட்டில் ஒஹாயோவின் அனல்மின்சாரத்துக்கும் பங்குண்டு, என் வீட்டு மின்விசிறிக்கும் உண்டு.

அவனுடையது ஆசை, எங்களுடையது தேவை என்று பிரித்துத் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அது சரியாகப் படவில்லை. நாங்கள் பார்க்காமலே எரித்தோம். அவன் குறைந்தபட்சம் பார்க்கிறான். வாரந்தோறும் நீரில் சுண்ணாம்புச் சத்தை அளந்து, குறைந்ததை ஈடுகட்டுகிறவனுக்கு முருகைக்கல் எப்படி உண்டாகிறது என்று தெரிகிறது. அதன் சுவருக்குள் வளர்ந்த எனக்குத் தெரியவில்லை. வெட்டிய பவளத் துண்டு ஒட்டிய இடத்தில் மறுபடி வளரும் என்பது வீட்டுத் தொட்டிக்காரர்களின் கைப்பழக்கமாகியிருக்கிறது. பெர்லினில் டீட்ரிஷ் ஸ்டூபர் வளர்த்த ஒரு கிளைப்பவளம் துண்டு துண்டாகக் கைமாறிக் கண்டங்களைத் தாண்டிற்று. அழிந்த திட்டுகளில் இன்று பவளம் நடுகிறவர்கள் செய்வதும் அதே துண்டு வைத்தல்தான்.

அவனிடம் இரண்டு விஷயம் சொன்னேன். ஒன்று, கடலிலிருந்து வெட்டியதை வாங்காதே, இன்னொருவர் தொட்டியில் வளர்ந்த துண்டை வாங்கு. "அப்படித்தான் மாமா நினைச்சிருக்கேன், மெதுவாத்தான் நிறையும்" என்றான். நிறையட்டும்.

இன்னொன்று வரைபடத்தில் இருந்த தப்பு. நீர் திரும்பும் குழாயின் வாயை அவன் மேல் தொட்டியில் ஆறு அங்குல ஆழத்தில் வரைந்திருந்தான். மின்சாரம் நின்றால் பம்பு நிற்கும். குழாய் தானாகவே நீரைக் கீழே உறிஞ்சத் தொடங்கும், வாய் வெளியே தெரியும்வரை நிற்காது. இருபத்துநாலு சதுர அடிக்கு ஆறு அங்குலம் என்றால் பன்னிரண்டு கன அடி, 340 லிட்டர். சம்ப்பில் அவன் விட்டிருந்த காலியிடம் 200 லிட்டர். மிச்சம் 140 லிட்டர் உப்புநீர் நிலவறைத் தரையில். ஒருவழி வால்வு போடுகிறேன் என்றான். சுண்ணாம்பும் புழுவும் அடைத்துக்கொள்ளும், நம்பாதே என்றேன். குழாய் வாயை ஒரு அங்குல ஆழத்துக்கு உயர்த்தச் சொன்னேன். அப்போது இறங்குவது 57 லிட்டர்.

அவன் பென்சிலால் திருத்தினான். பிறகு சம்ப்பின் படத்தில் நீர்மட்டக் கோட்டுக்கு மேலே இருந்த வெள்ளையைக் காட்டி, "இங்க என்ன எழுதட்டும் மாமா?" என்று கேட்டான்.

"மேலேயிருந்து வருவதற்கு என்று எழுது. அதில் எதையும் வைக்காதே" என்றேன்.