சேமநிதிச் சட்டமும் வழக்கறிஞரும்

வழக்கறிஞர் என்றதும் சாட்சியைக் கூண்டிலேற்றி மடக்குபவரே நம் கண்முன் நிற்பார். கோலாலம்பூர் வழக்கறிஞர் ஆர். ரமணி, மலேசியாவின் பிரதிநிதியாக ஐக்கிய நாடுகள் சபைக்குச் சென்று, 1965 மே மாதம் பாதுகாப்பு மன்றத்திற்கே தலைமை தாங்கினார். ஆனால் பத்திரிகைகளில் பெயர் வராத இன்னொரு வகையினரும் உண்டு. வரிச் சட்டமும் சேமநிதிச் சட்டமும் இவர்கள் தொழில். கணக்கேடுகளே இவர்களுடைய சாட்சிகள்.

யுத்தத்திற்கு முன்பு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்சில் குடியிருந்த நிரந்தர ஊழியருக்குப் பென்ஷன் உண்டு. கிள்ளான் வட்டாரத்தில் பால்மரம் வெட்டியவர் கை தளர்ந்தால், பிள்ளைகளை அண்டி நிற்க வேண்டும்; இல்லையேல் ஊருக்குக் கப்பலேற வேண்டும்.

1947இல் வருமான வரிச் சட்டம் வந்தது. 1951இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் பிறந்தது. தொழிலாளி நூற்றுக்கு ஐந்து, முதலாளி நூற்றுக்கு ஐந்து என்பது தொடக்கக் கணக்கு. இந்தியாவின் சேமநிதிச் சட்டம் 1952இலும், சிங்கப்பூரின் நிதி 1955இலும்தான் வந்தன என்றால், நம் நாடு முந்திக்கொண்டது என்று பெருமைப்படலாம்!

புதுச் சட்டம் வந்தால் புது வழக்கும் வரும். அந்நாளில் பாரிஸ்டராக விரும்பியவர் லண்டன் சென்று, அங்குள்ள நான்கு சட்டக் கழகங்களுள் ஒன்றில் சேர வேண்டும். கோலாலம்பூரிலுள்ள மலாயாப் பல்கலைக்கழகத்தில் சட்டக் கல்வி தொடங்கியது 1972இல்தான். இங்கிலாந்தில் பத்திரம் தயாரிப்பவர் வேறு, மன்றில் வாதாடுபவர் வேறு. இங்கே இரண்டையும் ஒருவரே செய்யலாம்.

இவர்களுடைய வாதமெல்லாம் பெரும்பாலும் ஒரே சொல்லைச் சுற்றித்தான்: சம்பளம் என்பது எது? 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி போனஸ், கமிஷன், அலவன்ஸ் ஆகியவை சம்பளத்தில் சேரும். ஓவர்டைம், பயணப்படி, பணிக்கொடை சேரா. ஓர் அலவன்சுக்கு என்ன பெயர் வைப்பது என்பதில் முதலாளிக்கு ஏன் அவ்வளவு அக்கறை என்பது இப்போது புரிகிறதல்லவா? கட்டணம் கொடுத்து இத்தகைய வழக்கறிஞரை அமர்த்துபவரும் பெரும்பாலும் முதலாளியே. தொழிலாளிக்கு அந்தச் செலவு வேண்டாம். புகார் கொடுத்தால் சேமநிதி வாரியமே வழக்குத் தொடுக்கும். சம்பளத்தில் பிடித்த பங்கைக் கட்டாமல் விட்டவருக்கு ஆறாண்டு வரை சிறையோ, 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். கம்பெனி கட்டாத பாக்கிக்கு அதன் இயக்குநர்களும் பொறுப்பாவார்கள்.

சிக்கல் முற்றியது துண்டாடலின்போதுதான். 1950களின் பிற்பகுதியிலும் 1960களிலும் பெரிய தோட்டங்கள் கூறுபோட்டு விற்கப்பட்டன. நேற்றுவரை தோட்டத்துச் செக்ரோலில் பெயர் இருந்தவர் பலர், காண்டிராக்டரின் ஆட்களானார்கள். 'இவர்கள் என் தொழிலாளர்களே அல்லர், எழுதிய ஒப்பந்தம் எங்கே?' என்று கையை விரிப்பது எளிது. சட்டமோ வாய்மொழியாகப் பேசி அமர்த்திய வேலையையும் ஒப்பந்தமாகவே ஏற்கிறது. ஆகவே இத்தகைய வழக்கில் காகிதம் இல்லையென்று எவரும் சோர்ந்துவிட வேண்டியதில்லை. அங்கே எழும் கேள்விகள் வேறு: வேலைக்கு வரச் சொன்னவர் யார், கத்தியும் வாளியும் கொடுத்தவர் யார், மாதக் கடைசியில் பணத்தை எண்ணிக் கொடுத்தவர் யார்?