கடற்கரை வீதியில் இரண்டு பயணங்கள்

கால்சாவின் கடலோரத்தில் மாலையில் நாங்கள் நடக்கும் புல்வெளி, இரண்டாம் உலகப்போரின் இடிபாடுகளைக் கொட்டி நிரப்பிய நிலம். 1943இல் குண்டுவீச்சில் விழுந்த வீடுகளின் கற்கள் அதன் கீழே கிடக்கின்றன. கால்சா என்ற பெயரும் அரபுப் பெயர்தான். 937இல் பாத்திமிட் ஆட்சியில் கட்டப்பட்ட அல்-ஹாலிசா என்ற கோட்டைநகரின் பெயர் மருவி இப்படி நிற்கிறது. ஆபிரிக்காவிலிருந்து வந்தவர்கள் பெயர் வைத்த பகுதியில் குடியிருந்துகொண்டு, ஆபிரிக்காவிலிருந்து வருபவர்களைப் பற்றி எம்மவர் கதைக்கும் கதைகள்தான் என்னை இதை எழுதத் தூண்டின.

என் மனைவி இங்கே ஒரு வயோதிபப் பெண்ணைப் பராமரிக்கிறார். அந்த வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. வெள்ளைக் காம்பர் வாகனம், அதன் முன்னால் அவரும் காலமான கணவரும், பின்னால் மணல். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் உள்ளேயே இருக்கும் வாகனம் அது. 2000களின் நடுப்பகுதியில், ஓய்வு பெற்றபின், இருவரும் பலெர்மோவில் கப்பலேறித் துனிசுக்குப் போனார்கள். ராஸ் அஜ்திர் எல்லையைக் கடந்து, லிபியாவின் கடற்கரை வீதியால் கிழக்கே பெங்காசிவரை ஓடினார்கள். இரவில் ஓரமாக நிறுத்திக் கோப்பி போட்டுக் குடித்துவிட்டு, நட்சத்திரம் பார்த்துக்கொண்டு படுத்ததை இன்றும் சொல்லிச் சொல்லி மகிழ்வாராம்.

அந்த வீதிக்கு ஒரு வரலாறு உண்டு. துனிசிய எல்லையிலிருந்து எகிப்திய எல்லைவரை 1,822 கிலோமீற்றர் நீளமான அதை இத்தாலி அமைத்தது. 1937 மார்ச்சில் முசோலினி நேரில் வந்து திறந்துவைத்தான். 1940இல் தொப்ருக்கில் தன் சொந்தப் படையின் பீரங்கிச் சூட்டிலேயே விமானத்தோடு விழுந்து செத்த ஆளுநர் இத்தாலோ பல்போவின் நினைவாக அது 'வியா பல்பியா' ஆயிற்று.

வீதியின் நடுப்பகுதியில், சிர்த் வளைகுடாவில், ஒரு பெரிய வளைவையும் கட்டினார்கள். பிலேனி சகோதரர்களின் வளைவு அது. கார்த்தேஜுக்கும் சிரேனுக்கும் எல்லை வகுக்க இரு பக்கத்திலிருந்தும் ஆட்கள் புறப்பட்டு, சந்திக்கும் இடமே எல்லை என்று தீர்மானிக்கப்பட்டதாம். கார்த்தேஜின் இரு சகோதரர்கள் அதிக தூரம் வந்துவிட்டார்கள். நீங்கள் ஏமாற்றினீர்கள், இங்கே எல்லை வேண்டுமென்றால் உயிரோடு புதைபடுங்கள் என்றார்கள் சிரேன்காரர்கள். சகோதரர்கள் சம்மதித்தார்கள். இந்தக் கதையை எழுதிவைத்தவர் ரோம வரலாற்றாசிரியர் சலுஸ்த். மனிதரைப் புதைத்து எல்லை போடுவதைத் தியாகம் என்று கொண்டாடிய அந்த வளைவை 1973இல் கடாபி அரசு இடித்தது.

வளைவுக்குக் கிழக்கே, அதே வீதியில், எல் அகைலா வருகிறது. இத்தாலியரை எதிர்த்த ஓமர் முக்தாரின் போராளிகளுக்குச் சோறு போடுகிறார்கள் என்று சொல்லி, 1930இல் சிரெனைக்காவின் மக்கள் ஒரு இலட்சம் பேரளவில் ஆடுமாடுகளோடு துரத்தப்பட்டு, முட்கம்பி முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். எல் அகைலா அவற்றில் ஒன்று. பல்லாயிரம் பேர் பசியாலும் நோயாலும் மாண்டார்கள். முக்தாரை 1931 செப்ரெம்பர் 16ஆம் திகதி சுலூக்கில், முகாம்வாசிகளைக் கூட்டிவைத்து, அவர்கள் கண்முன் தூக்கிலிட்டார்கள். 1938இல் இருபதாயிரம் இத்தாலியக் குடியேற்றவாசிகள் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். காலியாக்கப்பட்ட நிலத்துக்குப் புதிய ஆட்கள்! இந்தக் கணக்கை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை.

பிறகு போர் வந்தது. நான்காவது இந்தியப் படைப்பிரிவோடு வந்த மெட்ராஸ் சப்பர்களும் அந்தப் பாலைவனத்தில் கண்ணிவெடி அகற்றினார்கள். வெள்ளைக்காரனின் போரில் தமிழனின் கையும் அந்த மண்ணைக் கிளறியிருக்கிறது.

மனைவி பராமரிக்கும் பெண் திரிப்போலியில் பிறந்தவர். 1970இல் கடாபி இத்தாலியரின் சொத்துக்களைப் பறித்து, ஏறத்தாழ இருபதாயிரம் பேரை வெளியேற்றியபோது பெற்றோரோடு கப்பலில் வந்தவர். இத்தாலியில் அவர்களையும் அகதிகள் என்றே அழைத்தார்கள். காம்பரில் அவர் போனது தன் பிறந்த வீட்டைப் பார்க்க. வீட்டில் வேறு யாரோ இருந்தார்கள். வாசலில் நின்று பார்த்துவிட்டு வந்தாராம்.

2008 ஓகஸ்ட் 30ஆம் திகதி பெங்காசியில் பெர்லுஸ்கோனியும் கடாபியும் ஒப்பந்தம் செய்தார்கள். காலனித்துவக் குற்றத்துக்கு ஈடாக ஐந்து பில்லியன் டொலர். அதில் முக்கியமானது கடற்கரையோரமாக ஒரு புதிய நெடுஞ்சாலை. பதிலாக லிபியா படகுகளைத் தடுக்க வேண்டும். வீதிக்கு விலை அகதிகள்! 2009 மே 6ஆம் திகதி சோமாலியரும் எரித்திரியருமாக இருநூறு பேரளவில் கடலில் மறிக்கப்பட்டுத் திரிப்போலிக்குத் திருப்பப்பட்டார்கள். அதே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் எங்களுக்கு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2012இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் இத்தாலியைக் குற்றவாளியாகக் கண்டது. ஆனாலும் 2017இல் லிபியாவோடு மீண்டும் உடன்படிக்கை. அந்தக் கடற்கரையில் மீண்டும் தடுப்பு முகாம்கள். 2019 யூலையில் தஜூரா முகாமில் குண்டு விழுந்து ஐம்பதுக்கு மேற்பட்டோர் செத்தார்கள்.

தொலைக்காட்சியில் படகைக் கண்டால் அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொள்வாராம். இவர்கள் ஏன் தங்கள் நாட்டில் இருக்கக்கூடாது என்பாராம். ஒருநாள் மனைவி கேட்டாள்:

"சிஞ்ஞோரா, நீங்களும் ஒரு பெட்டியோடதானே கப்பலால இறங்கினீங்கள்?"

கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது வேறை" என்றாராம்.

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஏனென்றால் எங்கள் கடைகளிலும் கோயில் வாசலிலும் இதே சொல்லைத்தான் கேட்கிறேன். "நாங்கள் வேறை, நாங்கள் உழைக்க வந்தனாங்கள். உவங்களாலதான் எங்கட பேரும் கெடுது."

வேறா? 1996 நத்தார் இரவில், மால்ராவுக்கும் சிசிலிக்கும் இடையே, 283க்குக் குறையாத இந்திய, பாகிஸ்தானிய, இலங்கை அகதிகள் மூழ்கினார்கள். அவர்களில் எங்கள் பிள்ளைகள் பலர். போர்த்தோபாலோ மீனவர்களின் வலைகளில் மாதக்கணக்காக உடல்கள் வந்தன. மீண்டும் கடலிலேயே போட்டார்கள். அப்படி ஒரு கப்பல் மூழ்கவே இல்லை என்பதுபோல அதிகாரம் இருந்தது. வலையில் வந்த ஒரு தமிழ் இளைஞனின் அடையாள அட்டைதான் 2001இல் கடலடியில் கப்பலைக் கண்டுபிடிக்க வழிகாட்டியது.

அந்தப் பெண்ணும் கணவரும் காம்பரில் போனதைக் குறை சொல்ல நான் வரவில்லை. வாய்த்தால் நாங்களும் போவோம். ஒரே வீதியில் ஒருவர் படுக்கையோடு போவதும் இன்னொருவர் லொறியில் அடைபட்டு வருவதும் இயற்கையாக நடந்ததல்ல, ஒப்பந்தம் எழுதி நடத்தப்படுவது என்பதைத்தான் சொல்கிறேன். எழுதியதை மாற்றி எழுதலாம். 2015இல் இந்த நகரசபை வெளியிட்ட பலெர்மோ சாசனம், இடம்பெயர்தல் மனித உரிமை, வதிவிட அனுமதி முறையே ஒழிய வேண்டும் என்றது. வதிவிட அனுமதிக்காக விடியமுதல் வரிசையில் நின்ற எங்களில் எத்தனைபேர் அதற்காக ஒரு கூட்டத்துக்காவது போனோம்?

மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். ஆனால் எழுதுமுன் போர்த்தோபாலோவை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.