புக்மேக்கரின் பங்கு

18-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இங்கிலாந்துக் குதிரைப் பந்தயங்களில் பணம் இருவருக்குள்ளேயே கைமாறியது. ஒருவர் ஒரு குதிரையைச் சொல்வார், இன்னொருவர் அதற்கு எதிராகக் கட்டுவார். இடையில் யாருக்கும் பங்கில்லை. 1790-களில் நியூமார்க்கெட்டில் ஹாரி ஆக்டன் இதை மாற்றினார் என்பார்கள். ஓடும் குதிரை ஒவ்வொன்றுக்கும் தனி விகிதம் சொல்லி, வந்தவர் எல்லோரிடமும் பந்தயம் வாங்கிய முதல் புக்மேக்கர் என்ற பெயர் அவருக்கு.

புக்மேக்கரின் வருமானம் அவர் சொல்லும் விகிதத்திலேயே இருக்கிறது. சம பலமுள்ள இரண்டு குதிரைகள் ஓடினால், 100 பவுன் கட்டி ஜெயித்தவருக்கு 100 பவுன் லாபம் கிடைப்பதே நியாயம். புக்மேக்கர் 90 தருவார். இரண்டு குதிரைகள் மீதும் நூறு நூறு விழுந்தால் அவர் கையில் 200 சேரும். எது ஜெயித்தாலும் கொடுப்பது 190. மிச்சம் 10, அதாவது நூற்றுக்கு ஐந்து. இதை அவர் கமிஷன் என்று கேட்டு வாங்குவதில்லை. 90 வந்த மகிழ்ச்சியில் ஜெயித்தவரும் விடுபட்ட பத்தை எண்ணுவதில்லை. இந்தத் தொழிலின் பலமே அதுதான். ஆனால் பணம் ஒரே குதிரை மீது குவிந்து, அதுவே ஜெயித்துவிட்டால் அந்தப் பத்தோடு கைப்பணமும் போகும். அதனால்தான் பந்தயம் தொடங்கும்வரை விகிதத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பார். சுமை மிஞ்சினால் ஒரு பகுதியை இன்னொரு புக்மேக்கரிடம் கட்டிவிடுவார்.

மறைந்திருந்த இந்தப் பங்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தவர், 1860-களில் பாரிஸில் தொழில் நடத்திய ஜோசப் ஓயே. பின்னாளில் மூலான் ரூஜ் அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவர். கட்டிய பணம் முழுவதையும் ஒரே தொகுப்பாகச் சேர்த்து, அறிவித்த விழுக்காட்டைக் கழித்து, மீதியை ஜெயித்தவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் 'பாரி மியூச்சுவல்' முறை அவருடையது. நடத்துபவருக்கு எந்தக் குதிரை ஜெயித்தாலும் ஒன்றுதான். 1891-இல் பிரான்ஸ் சட்டம் இம்முறையை ஏற்று, நிலையான விகிதம் சொல்லும் புக்மேக்கர்களைத் தடைசெய்தது. கழித்த பணத்தில் ஒரு பகுதி தருமத்துக்கும் குதிரை வளர்ப்புக்கும் போனது.

ஆனால் இம்முறையில் ஆயிரக்கணக்கான சீட்டுகளைக் கையால் கூட்டுவது பெரும்பாடு. ஜார்ஜ் ஜூலியஸ் வாக்கு எண்ணுவதற்காக வடிவமைத்த இயந்திரத்தை மேற்கு ஆஸ்திரேலிய அரசு ஏற்கவில்லை. அதே யோசனையை அவர் பந்தயத்துக்கு மாற்றி, 1913-இல் ஆக்லாந்தின் எல்லர்ஸ்லி மைதானத்தில் நிறுவினார். ஒவ்வொரு குதிரை மீதும் சேர்ந்த தொகை கூட்டத்தின் கண்முன் ஏறியது.

பிரிட்டனில் புக்மேக்கர்கள் ஒழியவில்லை. 1928-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு தொகுப்பு முறையும் அவர்களும் மைதானத்தில் அருகருகே நடந்தார்கள். 2000-இல் லண்டனில் தொடங்கிய பெட்ஃபேர், வாடிக்கையாளர்களையே ஒருவருக்கொருவர் எதிராகக் கட்டவைத்து, ஜெயித்தவரின் நிகர லாபத்தில் மட்டும் வெளிப்படையாகக் கமிஷன் எடுத்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் பிரிட்டிஷ் அரசு பந்தய வரியைப் பந்தயத் தொகையிலிருந்து புக்மேக்கரின் மொத்த லாபத்துக்கு மாற்றி, 15 விழுக்காடு என்று வைத்தது. பந்தயக் கடைகள் வாடிக்கையாளரிடம் பிடித்துவந்த 9 விழுக்காடு அத்துடன் நின்றது.