ஃபாரலோன் பாறையில் ஒரு பந்தி

சான் பிரான்சிஸ்கோவுக்கு மேற்கே சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, கடலுக்குள் துருத்தி நிற்பவை ஃபாரலோன் தீவுகள். கருங்கல் பாறையும் பறவை எச்சமும் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே சீல்கள் நெருக்கியடித்துக் கிடந்தன. முதலில் பாஸ்டன் கப்பல்காரர்கள் வந்தார்கள். 1812-இல் கலிபோர்னியக் கரையில் ரோஸ் கோட்டையைக் கட்டிய ரஷ்யர்கள் தீவிலேயே ஆட்களைக் குடியமர்த்தினார்கள். தோலுக்கு ரோமச் சீல், எண்ணெய்க்கு யானைச் சீல். சில பத்தாண்டுகளில் பாறை வெறிச்சோடியது.

அதே இரையை நம்பிய வேட்டைவிலங்கு கடலுக்குள்ளும் இருந்தது. வெள்ளைச் சுறா சிறுவயதில் மீனும் திருக்கையும் தின்னும். மூன்று மீட்டர் நீளத்தை எட்டும்போது பல் அகன்று, கொழுத்த சீல்களை நாடத் தொடங்கும். அதன் பந்தியில் மனிதர்கள் கைவைத்துவிட்டதை அப்போது யார் எண்ணிப் பார்த்தார்கள்?

யானைச் சீலில் மிஞ்சியவை மெக்சிகோவின் குவாடலூப்பே தீவில் ஒண்டிக்கொண்டன. 1892-இல் அங்கே போன அமெரிக்க ஆய்வுக் குழு, கண்ணில் பட்ட சொற்பத்திலும் ஏழைக் கொன்றது. இனம் அழிவதற்குள் அருங்காட்சியகத்துக்கு மாதிரி வேண்டுமாம்! 1922-இல் மெக்சிகோ அவற்றுக்குப் பாதுகாப்பு தந்தது. மெல்லப் பெருகிய கூட்டம் வடக்கே பரவி, 1972-இல் ஃபாரலோனில் மறுபடி குட்டி ஈன்றது.

பிறகு நடந்ததைத் தீவின் கலங்கரை விளக்கக் குன்றிலிருந்தே ஆய்வாளர்கள் பார்த்தார்கள். இளம் சீல்கள் கரைசேரும் இலையுதிர் காலத்தில், கடற்காகங்கள் திரண்டு வட்டமிட்டால் கீழே ரத்தம் பரவியிருக்கும். சுறா அடியிலிருந்து பாய்ந்து ஒரு கடி கடிக்கும். இரை ஓய்ந்த பிறகு சாவகாசமாகத் தின்னும்.

கடித்ததை உடனே விழுங்காதது ஏன்? சீலின் நகமும் பல்லும் தன் கண்ணைப் பதம் பார்க்காமலிருக்க, ரத்தம் வடிந்து சாகட்டும் என்று விலகி நிற்கிறது என 1984-இல் சுறா ஆய்வாளர்கள் ட்ரிகாஸும் மக்காஸ்கரும் எழுதினார்கள். இரையில் கொழுப்பு இருக்கிறதா என்று வாயில் வைத்தே அறிகிறது என்பது மற்றோர் ஆய்வாளரான பீட்டர் கிளிம்லியின் பின்னாளைய விளக்கம். கலிபோர்னியக் கரையில் சுறாக்கடியோடு, ஆனால் தின்னப்படாமல், ஒதுங்கும் கொழுப்பில்லாத கடல் நீர்நாய்களைப் பார்த்தால் கிளிம்லி பக்கமே சாயத் தோன்றுகிறது.

ரோமச் சீல்கள் திரும்ப இன்னும் தாமதமானது. 1996-இல்தான் ஃபாரலோனில் அவற்றின் குட்டி மீண்டும் பிறந்தது. மறு ஆண்டு அக்டோபரில் ஓர் ஓர்க்கா (கொலையாளித் திமிங்கலம்), படகுச் சுற்றுலாப் பயணிகளின் கண்ணெதிரே, வெள்ளைச் சுறா ஒன்றைக் கொன்று ஈரலைத் தின்றது. அந்தப் பருவம் முழுக்கச் சுறாக்கள் அங்கே தென்படுவதே அபூர்வமாகிவிட்டது.