மடுல்சீமை இலைத்துருவும் மலிவுக் கருவிகளும்

இலங்கையின் பதுளை மாவட்டத்து மடுல்சீமைக் கோப்பித் தோட்டங்களில் 1869ஆம் ஆண்டு இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்த புள்ளிகள் காணப்பட்டபோது, பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் த்வெயிட்ஸ் அவற்றை இங்கிலாந்துக்கு அனுப்ப, பூஞ்சையியல் அறிஞர் பெர்க்லி அவ்வாண்டிலேயே அப்பூஞ்சைக்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பெயர் விரைவில் கிடைத்தது, பரிகாரம் கிடைக்கவில்லை. கோப்பி அழிய, பதுளை அடங்கிய ஊவாவின் சரிவுகள் தேயிலைக்கு மாறின.

1880இல் இந்நோயை ஆராய வந்த இளம் தாவரவியலாளர் மார்ஷல் வார்ட், கிளிசரின் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் காற்றுபட வைத்து, அவற்றில் ஒட்டிய நுண்வித்துகளை நுண்ணோக்கியில் கண்டு, நோய் காற்றின் வழியே பரவுவதை நிறுவினார். செலவே இல்லாத அக்கண்ணாடித் துண்டு, அக்காலத்தில் நோயின் வரவை முன்கூட்டி உணர்த்தக்கூடிய ஒரே கருவியாக இருந்தது எனலாம். வித்து இலைக்குள் புகுந்தபின் புள்ளி வெளித்தெரிய இரண்டு வாரங்களோ அதற்கு மேலோ ஆகும் என்பதால், தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் கண்ணானாலும் தோட்டத்தை நடத்திய துரையின் கண்ணானாலும் காலங்கடந்தே அதைக் கண்டது. கண்ட பின்னரும் துரைமார் பலர் தொடக்கத்தில் அதைப் பொருட்படுத்தவில்லை என்பது வேறு.

நோயை அறியும் அடுத்த வழி ஒளியிலிருந்து வந்தது. நலமான இலையில் பச்சையம் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ள, உட்திசுக்கள் கண்ணுக்குப் புலப்படாத அண்மை அகச்சிவப்பைப் பெருமளவு திருப்பி அனுப்புகின்றன. நோயுற்றால் இவற்றின் விகிதம் மாறுகிறது. ஒரே காட்சியை இவ்வாறு பல அலைநீளங்களில் தனித்தனியே பதிந்து ஒப்பிடுவதே பல்நிறமாலைப் படமெடுப்பு எனப்படும். 1956இல் அமெரிக்கரான ராபர்ட் கோல்வெல், அகச்சிவப்புப் படச்சுருளால் தானியப் பயிர்களின் துருநோயை வானிலிருந்தே காணலாம் என்று காட்டினார். 1972இல் ஏவப்பட்ட முதல் லான்ட்சாட் செயற்கைக்கோளின் ஒரு படப்புள்ளி ஏறத்தாழ 80 மீட்டர் நிலத்தைக் குறித்தமையால், தேயிலையும் நிழல்மரமும் தொழிலாளர் குடியிருப்பான லயமும் அதில் ஒன்றாகவே கலந்தன.

இத்தகைய படமெடுப்பின் விலை பின்னரே இறங்கியது. சாதாரணக் கமராவின் சிலிக்கன் உணரி இயல்பாகவே அகச்சிவப்பை உணரும். அதைத் தடுக்கும் வடிகட்டியை நீக்கி நீல வடிகட்டியைப் பொருத்தினால், சிவப்புத் தடத்தில் அகச்சிவப்பும் நீலத் தடத்தில் நீலமும் பதிவாகும். 2013இல் சிறுகணினிகளை உருவாக்கும் ராஸ்பெரி பை அமைப்பு அத்தகைய கமராவை 25 டொலருக்கு வெளியிட்டு, நீல வடிகட்டித் தாள் ஒன்றையும் உடன் தந்தது.

ஆயினும் தேயிலை எளிய பயிரன்று. 1946இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோய் தாக்குவது இளங்கொழுந்தை; பறிப்பவர் கொண்டுபோவதும் அதையே. ஆகவே தோட்டத்தார் மலை என்று வழங்கும் ஒவ்வொரு தேயிலைப் பிரிவிலும் கடைசியாகக் கொழுந்தெடுத்த நாளைக் குறித்துக்கொள்ளாமலும், மூடுபனியில் மாறும் ஒளியை ஈடுகட்ட வெள்ளை அட்டை ஒன்றைப் படச்சட்டத்துக்குள் வைக்காமலும் எடுத்த படம், நோயையும் பறிப்பையும் பிரித்துக் காட்டாது.