ஆறு பாட்டு, ஓர் ஆல்பம், பதினாறு வருடத் தாமதம்

அறுபதுகளின் ராக் இசை என்று பேச்செடுத்தால் நம்மவர்கள் சொல்லும் பெயர்கள் தெரிந்தவைதான். பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ். இன்னும் கொஞ்சம் விவரமானவர் என்றால் டோர்ஸ், ஹெண்ட்ரிக்ஸ், பிங்க் ஃப்ளாய்ட். இந்தப் பட்டியலில் எந்தக் காலத்திலும் வராத ஒரு குழுவைப் பற்றித்தான் இந்தப் பதிவு. பெயரே பொருத்தமான பெயர்: த மிஸ்அண்டர்ஸ்டுட். தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவர்கள். புரிந்துகொள்வதற்கு முதலில் யாராவது கேட்டிருக்க வேண்டுமே, அதுதான் இவர்கள் விஷயத்தில் நடக்கவில்லை.

1982இல் லண்டனைச் சேர்ந்த செர்ரி ரெட் என்ற சின்ன கம்பெனி ஓர் இசைத்தட்டு வெளியிட்டது. தலைப்பு 'பிஃபோர் த ட்ரீம் ஃபேடட்', கனவு மங்கும் முன்பு. அதில் இருந்த பாட்டுகள் எல்லாம் அறுபதுகளின் நடுவில் பதிவானவை. முதல் பக்கத்தில் ஆறு பாட்டு, எல்லாம் 1966இல் லண்டனில் பதிவு செய்தவை. இரண்டாம் பக்கத்தில் அதற்கு முன்பு அமெரிக்காவில் பதிவு செய்தவை. அந்தப் பழைய குழு உயிரோடு இருந்த காலத்தில் அவர்கள் பெயரில் ஒரு முழு ஆல்பம்கூட வந்ததில்லை. கலைந்துபோய் ஏறக்குறைய பதினைந்து வருடம் கழித்து வந்த இந்தத் தொகுப்பைத்தான் அவர்களுடைய 'முதல் ஆல்பம்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

கதையை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

கலிஃபோர்னியாவில் ரிவர்சைட் என்று ஓர் ஊர். லாஸ் ஏஞ்சலிஸிலிருந்து கிழக்கே உள்ளே தள்ளி, ஆரஞ்சுத் தோட்டங்களுக்குப் பேர்போனது. அங்கே இருந்த பையன்கள் சிலர் சேர்ந்து ஆரம்பித்த குழு. பாடுவது ரிக் ப்ரவுன், கிடார் க்ரெக் ட்ரெட்வே, பேஸ் ஸ்டீவ் வைட்டிங், ட்ரம்ஸ் ரிக் மோ. 1965இல் க்ளென் ராஸ் கேம்ப்பெல் என்பவர் வந்து சேர்ந்ததும்தான் விஷயம் வேறு மாதிரி ஆனது. அவர் வாசித்தது ஸ்டீல் கிடார்.

ஸ்டீல் கிடார் என்றால் தோளில் மாட்டிக்கொண்டு குதிக்கிற சமாச்சாரம் இல்லை. படுக்க வைத்து, தந்திகள் மேல் உலோகக் கட்டையை வழுக்கி வாசிப்பது. நம் காதுக்கு இது புதிதே அல்ல. அலுவலகத்தில் ஒரு வங்காளி நண்பரிடம் ஸ்டீல் கிடார் என்று சொன்னதும் அவர் "ஹவாயன் கிடாரா? எங்கள் வீட்டில் அம்மா வாசிப்பார்களே" என்றார். ஹவாய்த் தீவுகளிலிருந்து வந்த டாவ் மோ போன்ற கலைஞர்கள் நாற்பதுகளில் கல்கத்தாவில் தங்கி வாசித்த காலத்திலிருந்து வங்காளத்தில் அது வீட்டு வாத்தியம். ப்ரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி மேடைக்கே கொண்டுபோனார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியா ஆகியோருடன் அவர் வாசித்த 'கால் ஆஃப் த வேலி' கேட்டிருப்பீர்கள். கமகம் போல ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு இழுத்துக்கொண்டு போக முடிகிற வாத்தியம் என்பதால் நமக்குச் சட்டென்று ஒட்டிக்கொள்கிறது.

கேம்ப்பெல் செய்தது அதற்கு நேர் எதிர். சாந்தமான அந்த வாத்தியத்தை ஆம்ப்ளிஃபயரில் கொடுத்து, ஃபஸ் போட்டு, அலற விட்டார். ஸைகடெலிக் ராக் என்றால் மயக்க மருந்து, கலர் கலர் விளக்கு என்று நினைப்பவர்கள் இந்த ஒலியைக் கேட்க வேண்டும். ஒலி வளைந்து, நீண்டு, நேரமே நெளிகிற மாதிரி இருக்கும். சாதாரண கிடாரில் இதற்கு மெனக்கெட வேண்டும். ஸ்டீல் கிடாரில் வழுக்கல் பிறவிக் குணம்.

1966இல் ரிவர்சைடில் ஒரு கடைவளாகத் திறப்பு விழா. (ஆமாம், கடைத் திறப்புக்குக் கச்சேரி. நம்மூரில் மட்டும்தான் என்று நினைத்தீர்களா?) அங்கே இவர்கள் வாசிப்பதை ஜான் ரேவன்ஸ்க்ராஃப்ட் என்ற ஆங்கிலேயர் பார்த்தார். பக்கத்து ஊரான சான் பெர்னார்டினோவில் கேமென் வானொலியில் அறிவிப்பாளராக இருந்தவர். பிற்காலத்தில் பிபிசி வானொலியில் ஜான் பீல் என்ற பெயரில் முப்பத்தேழு வருடம் இங்கிலாந்தின் காதுகளையே மாற்றிய அதே மனிதர். புனித பவுலுக்கு டமாஸ்கஸ் போகும் வழியில் நேர்ந்தது போல ஒரு அனுபவம் என்று அந்த நாளைச் சொல்லுவார். 2004இல் இறக்கும்வரை அந்த அபிப்பிராயத்தை அவர் மாற்றிக்கொள்ளவே இல்லை.

பீல் சொன்ன யோசனை: இங்கே இருந்து பிரயோஜனமில்லை, லண்டன் போங்கள். பையன்களும் 1966 நடுவில் கிளம்பிவிட்டார்கள். தங்கியது லண்டனில் பீலின் அம்மா வீட்டில். ஆங்கிலக் குழுக்கள் எல்லாம் அமெரிக்காவுக்கு டாலர் தேடிப் படையெடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இவர்கள் எதிர்த்திசையில் கப்பலேறுகிறார்கள்!

வந்த கொஞ்ச நாளிலேயே முதல் அடி. ட்ரெட்வேக்கு ராணுவத்திலிருந்து அழைப்பு. திரும்பிப் போய்விட்டார். அவர் இடத்துக்கு டோனி ஹில் என்ற ஆங்கில கிடார்க்காரர் வந்தார். இந்த ஐவரும் சேர்ந்துதான் ஃபோண்டானா கம்பெனிக்காக அந்த ஆறு பாட்டுகளைப் பதிவு செய்தார்கள். மொத்தமாகக் கேட்டால் இருபது நிமிடம்கூட வராது.

இங்கே தேதிகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் லண்டனில் வந்து இறங்கியது 1966 செப்டம்பர் 24. அவருடைய முதல் லண்டன் சிங்கிள் 'ஹே ஜோ' வந்தது 1966 டிசம்பர். மிஸ்அண்டர்ஸ்டுடின் 'ஐ கேன் டேக் யூ டு த சன்' சிங்கிளும் அதே டிசம்பர்தான். பிங்க் ஃப்ளாய்டின் முதல் சிங்கிள் 1967 மார்ச். அதாவது இவர்கள் யாரையும் காப்பியடித்தவர்கள் இல்லை. காப்பியடிக்க அப்போது ஆளே இல்லை. சிங்கிளின் மறுபக்கத்தில் போ டிட்லியின் 1956ஆம் வருடத்துப் பாட்டான 'ஹூ டூ யூ லவ்'. பழைய பாட்டுதான். ஆனால் ஸ்டீல் கிடார் நுழைகிற இடத்தில் அது வேறு கிரகத்துக்குப் போய்விடுகிறது.

என்னை அதிகம் பாதிக்கும் பாட்டு 'ஐ அன்ஸீன்'. துருக்கிக் கவிஞர் நாஸிம் ஹிக்மத், ஹிரோஷிமாவில் இறந்துபோன ஏழு வயதுச் சிறுமி பேசுவதாக எழுதிய கவிதை ஒன்று உண்டு. வீடு வீடாக வந்து கதவைத் தட்டுகிற, கண்ணுக்குத் தெரியாத சிறுமி. அந்தக் கவிதைதான் இந்தப் பாட்டுக்கு அடிப்படை. அதே 1966இல் பேர்ட்ஸ் குழுவும் அதைப் பாடியது, மெதுவாக, சவ ஊர்வலம் மாதிரி. மிஸ்அண்டர்ஸ்டுட் அதை ஆவேசமாகப் பாடுகிறது. பாடிய ரிக் ப்ரவுனுக்கு ராணுவ அழைப்பு வருகிற வயது.

அழைப்பு வரவும் செய்தது. வியட்நாம் போருக்காக 1966 ஒரே வருடத்தில் அமெரிக்கா 3,80,000 பேருக்கு மேல் கட்டாயமாக ராணுவத்தில் சேர்த்தது. அந்தப் போர்க்காலத்தில் அதுதான் உச்சம். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தால் தள்ளிப்போடலாம். லண்டனில் கிடார்ச் சத்தத்துக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தால் முடியாது. 1967 தொடக்கத்தில் ப்ரவுன் ஊர் திரும்பி ராணுவத்தில் ஆஜரானார். மற்றவர்களுக்கு பிரிட்டனில் வேலை பார்க்கும் அனுமதி சிக்கலாகி, அவர்களும் வெளியேற வேண்டியதாயிற்று. (வேற்றூரில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், திறமை எல்லாம் அப்புறம்தான், முதலில் காகிதம்.) ஒரே ஒரு லண்டன் சிங்கிளோடு குழு முடிந்தது. மீதிப் பதிவுகள் கம்பெனியிடமே கிடந்தன. 'சில்ட்ரன் ஆஃப் த சன்' பாட்டை 1969இல்தான் வெளியிட்டார்கள். அதற்குள் அந்த ஒலி எல்லோரிடமும் வந்துவிட்டது. 1966இல் புதுமையாக இருந்தது 1969இல் இன்னுமொரு பாட்டு.

ரிக் ப்ரவுன் ராணுவத்தில் நிலைக்கவில்லை. அங்கிருந்து தப்பித்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். பீட்டில்ஸ் 1968 பிப்ரவரியில் ரிஷிகேஷ் வந்ததை நாம் இன்றுவரை கதை கதையாகப் பேசுகிறோம். பத்திரிகைக்காரர்கள் படமெடுக்க வந்த மனிதர்கள் அவர்கள். ஏறக்குறைய அதே காலத்தில், தேடப்படும் ஆளாக, துறவு வாழ்க்கைக்குள் போன இந்தப் பாடகரைப் பற்றி இங்கே ஒருவருக்கும் தெரியாது. ராணுவத்தில் சேராமல் தப்பியவர்களுக்கு ஜிம்மி கார்ட்டர் 1977 ஜனவரி 21 அன்று, பதவியேற்ற மறுநாளே, பொதுமன்னிப்புக் கொடுத்தார். ஆனால் சேர்ந்த பிறகு ஓடியவர்களுக்கு அந்த மன்னிப்பு இல்லை. ஒரு மாதம் முன்னால் ஓடியிருந்தால் ஒரு கணக்கு, பின்னால் ஓடினால் வேறு கணக்கு.

பிற்காலத்தில் அவர் பாங்காக்கில் குடியேறி, ரிச்சர்ட் ஷா ப்ரவுன் என்ற பெயரில் ரத்தினக்கல் நிபுணரானார். அதுவும் என்ன மாதிரி? நம் நவக்கிரக, நவரத்தின சாஸ்திரம்! எந்த கிரகத்துக்கு எந்தக் கல் என்று 1995இல் ஒரு புத்தகமே எழுதினார். எனக்கு ராசிக்கல்லில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் சூரியனைப் பற்றி இரண்டு பாட்டுப் பாடிய மனிதர் கடைசியில் மாணிக்கம் விற்கப் போனது சுவாரசியமாகத்தான் இருக்கிறது.

கேம்ப்பெல் மறுபடி இங்கிலாந்து வந்து, அதே பெயரில் வேறு ஆட்களோடு சில பாட்டுகள் போட்டார். அந்தக் குழு உருமாறி ஜூசி லூசி ஆனது. 1970இல் அவர்கள் 'ஹூ டூ யூ லவ்'வை மறுபடி வாசித்தபோது பிரிட்டிஷ் தரவரிசையில் 14ஆம் இடம் வரை போனது. நான்கு வருடம் முன்பு இன்னும் துணிச்சலாக வாசித்தபோது கேட்க ஆளில்லாத அதே பாட்டு.

இந்தக் குழு கலையாமல் இருந்திருந்தால் ஹெண்ட்ரிக்ஸையே ஓரங்கட்டியிருக்கும் என்று ரசிகர்கள் சிலர் எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆறு பாட்டை வைத்து அறுபது பாட்டைக் கணக்குப்போட முடியாது. அடுத்த வருடமே சரக்குத் தீர்ந்து போயிருக்கலாம், அப்படிப்போன குழுக்கள் எத்தனையோ. ஆனால் பதிவான ஆறும் பதிவானவைதானே. செர்ரி ரெட் அவற்றை ஒன்றாகத் தொகுத்துப் போடாமல் இருந்திருந்தால் பீல் என்ற ஒரு மனிதரின் பழைய நினைவாக மட்டுமே இந்தக் குழு மிஞ்சியிருக்கும். அந்த ஆல்பத்துக்குப் பிறகுதான் மற்ற வேலைகள் நடந்தன. இன்னும் பழைய பதிவுகள் தேடியெடுக்கப்பட்டன, அக்லி திங்ஸ் பத்திரிகையின் மைக் ஸ்டாக்ஸ் முழு வரலாற்றைத் துருவித் துருவி எழுதினார். 2001இல் ரைனோ நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே உருவான அறுபதுகளின் இசைக்கென்று 'நக்கெட்ஸ் 2' என்ற பெரிய பெட்டி போட்டபோது, ரிவர்சைட் பையன்கள் அதில் இடம்பிடித்தார்கள், லண்டன் கணக்கில்.

கேட்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஆல்பத்தை முதலிலிருந்து கேட்காதீர்கள். இரண்டாம் பக்கத்தில் ஆரம்பியுங்கள். அங்கே இருப்பவர்கள் ப்ளூஸையும் யார்ட்பேர்ட்ஸையும் நன்றாக வாசிக்கத் தெரிந்த பையன்கள், அவ்வளவே. அதை முடித்துவிட்டு முதல் பக்கத்துக்கு வாருங்கள். நடுவில் போனது சில மாதங்கள்தான். 'ஐ கேன் டேக் யூ டு த சன்' மட்டும் கடைசியில். ஹெட்ஃபோனைச் சீக்கிரம் கழற்றிவிடாதீர்கள், சத்தமெல்லாம் அடங்கிய பிறகு கொஞ்ச நேரம் ஒரு கிடார் மட்டும் தனியாக வாசிக்கும்.