பீலியிலிருந்து வீட்டுக் குழாய் வரை: மலையகத் தோட்டங்களின் தண்ணீர் வரலாறு

நுவரெலியா, ஹட்டன், மஸ்கெலியா பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் பெரும்பாலும் தண்ணீர் தானாக இறங்கி வருகிறது. மலைமேட்டில் ஓர் ஊற்றையோ ஓடையையோ மறித்துக் கட்டி, குழாய் வழியே தொட்டிக்குக் கொண்டுவந்து, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் பிரித்து விடுவார்கள். பம்புக்கு வேலையில்லை, சரிவு போதும். ஆனால் இந்த ஏற்பாடு லயத்து மக்களுக்காகத் தொடங்கியதல்ல.

கோப்பிக் காலத்தில் தண்ணீர் தேவைப்பட்டது பழத்துக்கு. பறித்த கோப்பிப் பழத்தைத் தாமதமின்றித் தோல் நீக்கி, ஊறவைத்து, கழுவிக் காயவைக்க வேண்டும். மேற்கிந்தியத் தீவுகளின் இந்த முறை 1830களின் இறுதியில் இலங்கையில் பரவியபோது, பழம் உடைக்கும் ஆலைகள் ஓடைகளை ஒட்டி எழுந்தன. அவற்றுக்காகவே மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டப்பட்டது. மன்னாரில் இறங்கி மாத்தளை வழியாக நடந்தே மலையேறிய தமிழ்த் தொழிலாளர்களுக்கு, 10 அடிக்கு 12 அடி அளவிலான காம்பராக்களை வரிசையாகக் கொண்ட லயங்கள் கட்டப்பட்டன. குடிக்கவும் குளிக்கவும் துவைக்கவும் ஒரே ஓடைதான். கழிப்பறை கிடையாது, மேட்டுப் புதர்தான் ஒதுங்குமிடம். மழை பெய்தால் அந்த அழுக்கெல்லாம் ஓடைக்கே வந்தது. வாந்திபேதியும் வயிற்றுளைச்சலும் ஓயாததற்கு இது பெரிய காரணம். 1872இல் வந்த தோட்ட மருத்துவச் சட்டம் வைத்தியரையும் ஆஸ்பத்திரியையும் பற்றிப் பேசியது. நோய் வந்த வழியான தண்ணீரை அது அடைக்கவில்லை.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தேயிலைக் கொழுந்தை அரைக்கும் இயந்திரங்களைப் பல தோட்டங்களில் நீர்ச்சக்கரமும் பின்னர் டர்பைனும் ஓட்டின. அவற்றுக்காகத் தடித்த இரும்புக் குழாய்கள் மலையிலிருந்து தேயிலை ஆலையான ஸ்டோருக்கு இறங்கின. தோட்ட நிர்வாகியான துரையின் பங்களாவுக்குத் தனிக் குழாயும் குளியலறையும் வந்தன. லயங்களுக்குக் கிடைத்தது பீலி: ஓடைநீரை மூங்கிலாலோ தகரத்தாலோ வழிநடத்தி ஓரிடத்தில் கொட்டவிடும் பொது நீர்த்துறை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போகுமுன் பெண்கள் குடத்தோடு வரிசையில் நிற்பதும், மாலையில் எல்லாரும் அங்கேயே குளிப்பதும் தோட்ட வாழ்க்கையின் அன்றாடமாயின.

லயங்களின் சுகாதாரத்தைத் தோட்டங்கள் பொறுப்பாகக் கவனிக்கவேண்டும் என்ற அழுத்தம் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வலுத்தது. 1912இல் மருத்துவச் சட்டமும் தொழிலாளர் நோய்களுக்கான சட்டமும் புதிதாக வந்தன. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் ஆதரவோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு தொடங்கியது. வெறுங்காலோடு மலம் கலந்த மண்ணை மிதிப்பவரின் தோல் வழியே உடலுக்குள் புகும் புழு அது. மருந்து கொடுத்தாலும் கழிப்பறை இல்லாத தோட்டத்தில் அதே ஆளுக்கு அது திரும்பவும் தொற்றியது. இந்த அனுபவமே கழிப்பறையை மருந்தோடு சேர்த்துப் பேச வைத்தது. பிறகு லயங்களிலிருந்து தள்ளிப் பொதுக் கழிப்பறைகள் எழுந்தன. அவற்றையும் கான்கள் எனப்படும் வடிகால்களையும் துப்புரவாக்க வாசல்கூட்டி என்ற தனி ஆள் அமர்த்தப்பட்டார்.

காலப்போக்கில் மூங்கிலும் தகரமும் போய், துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயும் சிமெந்துத் தளமும் பீலிக்கு வந்தன. குழாயோடு பழுதுகளும் வந்தன. மலையக ஊற்றுநீர் உப்புக்குறைந்த மென்னீர். சற்றே அமிலத்தன்மை உடையது. இது துத்தநாகப் பூச்சை மெல்ல அரித்து, இரும்பை உள்ளிருந்து துருப்பிடிக்க வைக்கும். துரு கட்டியாகப் படிந்து குழாயின் துளை சுருங்கும். இரவு முழுதும் தேங்கி நின்ற நீர் காலையில் செந்நிறமாக வருவது இதன் அடையாளம்.

பழுது எங்கே என்று கண்டுபிடிக்க, குழாய் பார்ப்பவர் லயத்திலிருந்து மேல்நோக்கி நடந்தார். எல்லா லயங்களிலும் தண்ணீர் வராவிட்டால் கோளாறு ஊற்றில் குழாய் தொடங்கும் தலைப்பில்: சருகோ சேறோ வாயை அடைத்திருக்கும், அல்லது வறட்சியில் ஊற்று சுருங்கியிருக்கும். மேல் லயத்தில் வந்து கீழ் லயத்தில் வராவிட்டால் இடையில் அடைப்போ உடைவோ இருக்கும். கீழே வந்து மேலே வராவிட்டால், கீழே எடுப்பு அதிகம் அல்லது தொட்டியில் நீர்மட்டம் குறைவு. தண்ணீர் விட்டுவிட்டுக் காற்றோடு துப்பினால் குழாயின் மேட்டு வளைவில் காற்று சிக்கியிருக்கும். அந்த மேட்டில் காற்றை வெளியேற்றினால் ஓட்டம் சீராகும். மழையில்லாத நாளில் ஓரிடத்து மண் மட்டும் ஈரமாக இருந்தால் அங்கே தோண்டினால் கசிவு தெரியும். மழைக்குப் பின் கலங்கல் நீர் வந்தால் தலைப்பில் மண் படியவிடும் தொட்டி நிரம்பிவிட்டது என்று பொருள்.

குழாயைத் திருத்தும் அதிகாரம் மட்டும் லயத்தில் இருக்கவில்லை. குழாய், தொட்டி, லயம் எல்லாம் தோட்டத்தின் சொத்து. புகார் கங்காணி, கணக்கப்பிள்ளை வழியே ஆபீசுக்குப் போக வேண்டியிருந்தது. 1939இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் உருவாகித் தொழிற்சங்கங்கள் வேரூன்றியதும், சம்பளத்தோடு பீலியும் கூரையும் தோட்டத் தலைவர்கள் துரையிடம் எடுத்துச்செல்லும் குறைகளாயின. ஆனால் 1948இன் குடியுரிமைச் சட்டமும் அதைத் தொடர்ந்த வாக்குரிமை இழப்பும் அரசை நேரே கேட்கும் வழியைப் பெரும்பாலோருக்கு அடைத்தன.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிர்வாகம் 22 பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போனது. வீடமைப்பும் தண்ணீரும் கழிப்பறையும் பின்னர் பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியமாக அறியப்பட்ட அமைப்பின் பொறுப்பாயின. இக்காலத்தில் இரும்பின் இடத்தைப் பிளாஸ்டிக் குழாய் பிடித்தது. அது துருப்பிடிக்காது, தோளில் சுமந்து ஏறலாம், ரம்பத்தால் அறுத்துப் பசை தடவி ஒட்டலாம். லயத்து இளைஞர்கள் தாங்களே பணம் சேர்த்து ஊற்றிலிருந்து குழாய் இழுக்கத் தொடங்கினார்கள். காம்பராவின் வாசலுக்கே தண்ணீர் வந்தது.

புதிய குழாய் புதிய பழுதுகளையும் கொண்டுவந்தது. தொட்டிக்குக் கீழே ஒவ்வொரு 10 மீட்டர் இறக்கத்துக்கும் குழாயில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கூடுகிறது. 80 மீட்டர் கீழே உள்ள வீட்டுக் குழாய் 8 பார் தாங்க வேண்டும். வாஷர் தேய்ந்து குழாய் சொட்டுவதும் ஒட்டு விடுவதும் இதனால்தான். இடையில் ஒரு திறந்த தொட்டி கட்டி அழுத்தத்தை முறிப்பதே இதற்குத் தீர்வு. புதைக்காமல் விட்ட குழாய் வெயிலில் நொறுங்கும், மண்சரிவில் அறுந்துபோகும். கசியும் குழாய் கானோரம் கிடந்தால், தண்ணீர் நிற்கும் நேரத்தில் அழுக்குநீரை உள்ளிழுக்கும். ஊற்றுக்கு மேலே தேயிலையும் மரக்கறித் தோட்டமும் இருந்தால் உரமும் மருந்தும் நீரில் கலக்கும்.

1987இன் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைப் பணத்தைச் செலவிட இடம் தரவில்லை. பக்கத்துக் கிராமத்துக்குக் குழாய் போட்ட சபை, தோட்ட எல்லையில் நின்றுவிட்டது. 2018இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகே அந்தத் தடை நீங்கியது. அதே காலத்தில், 7 பேர்ச் காணியில் கட்டப்பட்ட தனி வீடுகளுக்கு உள்ளேயே குழாயும் கழிப்பறையும் வரத் தொடங்கின. வீட்டுக்குள் இருக்கும் குழாயை வீட்டுக்காரரே திருத்திக்கொள்ளலாம். ஊற்று, நீரேந்து நிலம், பெருங்குழாய் ஆகியவை இன்னும் பெரும்பாலும் தோட்டக் காணியிலேயே இருக்கின்றன. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பு கம்பனிக்கா, பிரதேச சபைக்கா, மக்கள் சங்கத்துக்கா என்பதை எழுத்தில் தீர்த்துவைக்காத தோட்டங்களில் புதிய வீட்டின் குழாயும் வறண்டுதான் கிடக்கும்.